தூண்டில் கேள்வி–பதில்: துக்குனாரே தேடிப் போகிறவர்களுக்கு

போன இதழில் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் துக்குனாரே என்ற மீனைப் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அந்த ஆற்றங்கரை நகரமான மனாவுஸின் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஆண்டுகளில் லீவு கிடைத்தபோதெல்லாம் நான் படகேறிப் போனது அந்தக் கறுப்பு ஆற்றுக்குத்தான். இன்றைக்கும் அதைவிட எனக்குப் பிடித்த ஆறு கிடையாது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த மீனுக்கே.

கேள்வி: ஆங்கிலத்தில் இதை 'பீகாக் பாஸ்' என்கிறார்களே, அப்படியானால் இது நம்ம கொடுவாவுக்குச் சொந்தமா?
– வாசகர், தூத்துக்குடி

சொந்தமே கிடையாது. பெயரில் 'பாஸ்' ஒட்டிக்கொண்டதோடு சரி. நம் ஏரி குளங்களில் மண்டிக் கிடக்கும் ஜிலேபியும், கேரளத்துக்காரர்கள் கொண்டாடும் கரிமீனும் எந்தக் குடும்பமோ, அதே சிக்லிட் குடும்பம்தான் துக்குனாரேவும். வால் அடியில் பொன் வளையம் கட்டிய கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கும். 'பீகாக்' என்ற பெயர் அந்தப் பொட்டால் வந்தது.

இதில் பல இனங்கள் உண்டு. 2006-இல் ஸ்வென் குல்லாண்டர், எஃப்ரெம் ஃபெரெய்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் மொத்தப் பேரினத்தையும் அலசி 15 இனங்கள் என்று வகுத்தார்கள். தூண்டில்காரர்கள் கடல் கடந்து தேடிப் போவது அதில் ஒன்றைத்தான்: சிக்லா டெமென்சிஸ். உள்ளூரில் துக்குனாரே அசூ என்பார்கள். 1821-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட். ஓரினோகோவையும் ரியோ நீக்ரோவையும் இணைக்கிற காசிகியாரே கால்வாய் வழியாக 1800-இலேயே படகில் போனவர் அவர். இன்றும் இந்த மீன் பெரிதாக வளர்வது முக்கியமாக அந்த இரண்டு ஆறுகளிலும் அவற்றின் துணையாறுகளிலும்தான்.

எவ்வளவு பெரிது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2010 நவம்பரில் சாந்தா இசபெல் டோ ரியோ நீக்ரோ என்ற ஊர்ப் பக்கம் ஆண்ட்ரியா சக்கெரினி பிடித்த 13.19 கிலோ மீன்தான் உலக சாதனை. அதற்கு முன்பிருந்த சாதனை 1994-இல் பதிவான 12.24 கிலோ, அதுவும் ரியோ நீக்ரோ மீன்தான். 9 கிலோவைத் தாண்டிவிட்டால் அது வாழ்நாள் மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காணொளிகளில் சிலர் வெள்ளைப் புள்ளி போட்ட மீனைத் தூக்கிக் காட்டுகிறார்கள், சிலர் மூன்று கறுப்புப் பட்டை போட்ட மஞ்சள் மீனைக் காட்டுகிறார்கள். இரண்டையும் அசூ என்கிறார்களே?
– வாசகர், மதுரை

இரண்டும் அசூதான். புள்ளி வரிசை போட்ட பழுப்பு மீனை ரியோ நீக்ரோக்காரர்கள் 'பாக்கா' என்று தனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரொம்ப காலம் அது வேறு இனம் என்றே நம்பினார்கள். உடல் அளவு, மரபணு, இனப்பெருக்க நிலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. ஒரே மீன்தான் பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது என்று அதில் தெளிவாகிவிட்டது. இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் புள்ளிகள் மங்கிப் பட்டைகள் தூக்கலாகும், உடம்பு பொன்பச்சையாகும், கண் சிவக்கும். ஆண் மீனுக்கு நெற்றியில் ஒரு திமில் எழும்பும். குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்ததும் எல்லாம் அடங்கி, பழையபடி புள்ளிக்கு வந்துவிடும்.

எனக்குப் பாக்காவைத்தான் அதிகம் பிடிக்கும். குடும்பப் பொறுப்பு இல்லாத காலம் அது. தின்பதும் அடிப்பதும்தான் வேலை. ஒரே எடையுள்ள இரண்டு மீன் மாட்டினால், பாக்காதான் கையை அதிகம் வலிக்க வைக்கும்.

கேள்வி: ஐயா, எந்த மாதம் டிக்கெட் போட்டால் மீன் நிச்சயம்?
– வாசகர், சேலம்

மாதத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். துக்குனாரே விஷயத்தில் எனக்குத் தெரிந்த பெரிய உண்மை இதுதான். ராடு, ரீல், லூர் என்ற செயற்கை இரை எல்லாம் இதற்கு அப்புறம்.

மனாவுஸ் துறைமுகத்தில் 1902-லிருந்து ரியோ நீக்ரோவின் நீர்மட்டத்தை அளந்து வருகிறார்கள். ஓர் ஆண்டுக்குள் ஆறு 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது அங்கே சாதாரணம். மூன்று மாடி உயரம்! ஆறு நிரம்பினால் கரை என்று ஒன்றே இருக்காது. தண்ணீர் காட்டுக்குள் புகுந்துவிடும். மரங்கள் பாதி உடம்பு முங்கி நிற்கும். இந்த முங்கிய காட்டுக்கு 'இகாப்போ' என்று பெயர். மீன்கள் மொத்தமும் அதற்குள் போய்விடும், துக்குனாரேவும் பின்னாலேயே போகும். அங்கே நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக லூரை வீசினாலும் கிளைக்குத்தான் கொடுப்பீர்கள்.

மட்டம் இறங்க ஆரம்பித்ததும் காடு வடியும். சின்ன மீனெல்லாம் ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் மணல் திட்டு ஓரங்களுக்கும் திரும்பியாக வேண்டும். துக்குனாரே அந்த வாய்க்கால் முகங்களில் காத்துக்கொண்டிருக்கும். பார்செலோஸ் பக்கம் இது செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை ஓடும். பார்செலோஸ் மனாவுஸிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டர் அளவு தள்ளி, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் ஊர். அதைச் சுற்றி மரியுவா என்ற தீவுக்கூட்டம். தீவுக்கு நடுவே ஏரி, ஏரிக்குள் தீவு என்று முடிவில்லாமல் போகும். துக்குனாரேவுக்கென்றே செய்த இடம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். பருவம் சரியாக இருந்தும், மேலே கொலம்பியா, வெனிசுவேலா எல்லைப் பக்கம் கனமழை கொட்டினால், இறங்கிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று ஏற ஆரம்பிக்கும். இதை 'ரெப்பிகெச்சி' என்பார்கள். அரை மீட்டர் ஏறினாலே போதும், மீன் மறுபடி மரங்களுக்குள் நழுவிவிடும். நேற்று வரை தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்த ஏரி இன்றைக்கு வெறும் ஏரியாகக் கிடக்கும்.

என்னோடு வழக்கமாக வந்த படகோட்டி சாயங்காலம் கரை ஒதுங்கியதும் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒரு குச்சியைச் சீவி, தண்ணீர் மணலைத் தொடும் கோட்டில் குத்தி, நீர் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். சமையல், குளியல் எல்லாம் அதற்குப் பிறகு. விடிந்ததும் காபிக்கு முன்னால் அந்தக் குச்சியைப் பார்ப்பார். வெட்டுக்குக் கீழே ஈரக்கோடு காய்ந்திருந்தால் ஏரிப் பக்கம் படகைத் திருப்புவார். வெட்டு தண்ணீருக்குள் போயிருந்தால் ஒன்றும் பேசாமல் மூட்டையைக் கட்டச் சொல்லுவார். வேறு துணையாற்றுக்கு, ஏறாத தண்ணீருக்குப் போயாக வேண்டும். ஒரு துணையாறு ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் ஒரே இடத்தில் கட்டிய விடுதியைவிட, இடம் மாறக்கூடிய படகு வீட்டில் தங்குவதையே நான் எல்லாருக்கும் சொல்வேன்.

தண்ணீர் ரொம்ப வற்றினாலும் ஆபத்துதான். 2023 அக்டோபரில் மனாவுஸ் அளவுகோல் 12.70 மீட்டருக்கு இறங்கியது. அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைவு அது. அடுத்த ஆண்டே அதற்கும் கீழே போனது. படகு நுழைய வழியில்லை, ஊர்களுக்கு அரிசி, டீசல் போகவில்லை. அதே 2023-இல் அமேசானின் டெஃபே ஏரியில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. அந்த மாதிரி ஆண்டில் குட்டையில் சிக்கிய மீனைப் பிடித்துப் படம் எடுப்பதில் என்ன இருக்கிறது? டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். மீனும் மூச்சுவிடட்டும், ஊரும் மூச்சுவிடட்டும்.

கேள்வி: விரால் பிடிக்கிற ராடும் ரீலும் என்னிடம் இருக்கிறது. அதுவே போதுமா? எந்த லூர்?
– வாசகர், திருநெல்வேலி

கட்டையான, விறைப்பான விரால் ராடு என்றால் போதும். ஆறரை அடி நீள வாக்கில் ஒரு பெயிட்காஸ்டிங் ராடு, உறுதியான ரீல், 50 முதல் 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய) நரம்பு. இவ்வளவு தடிமன் மீனின் எடைக்காக மட்டும் இல்லை. துக்குனாரே அடித்ததும் நேராக முங்கிய மரத்துக்குள் பாயும். முதல் சில விநாடிக்குள் அதன் தலையைத் திருப்பாவிட்டால் கதை முடிந்தது. அதனால் டிராகை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் பிடிமானத்தை) நன்றாக இறுக்கி வையுங்கள். விராலில் செய்கிற மாதிரி கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

லூர் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, பின்னால் விசிறி வைத்த பெரிய மிதவை லூர், 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம். 'வுட்சாப்பர்' என்ற அமெரிக்க லூர் இந்த வகையில் பேர் வாங்கியது. ராடைக் கீழ்நோக்கி வெட்டி இழுக்க இழுக்க அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். அமைதியான ஏரியில் அந்தச் சத்தம் எதிர்க்கரை வரை கேட்கும். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வீங்கிவிடும், இருந்தாலும் கை நிறுத்தாது. ஏனென்றால் அந்த அடி! லூருக்குப் பின்னால் முதலில் தண்ணீர் உப்பி வரும். அப்புறம் மேல்பரப்பே உடைந்து, ஒரு மரக்கட்டையை மேலிருந்து போட்ட மாதிரி வெடிக்கும். பல நேரம் மீன் லூரைக் கவ்வுவதுகூட இல்லை, வாயால் மோதி மேலே தூக்கி எறியும். அப்போது ராடைச் சுண்டிவிடாதீர்கள். லூர் விழுந்த இடத்திலேயே இழுத்துக்கொண்டிருங்கள், திரும்ப வரும். நரம்பில் கனம் தெரிந்த பிறகு சுண்டுங்கள்.

இன்னொரு கட்சி, முடி கட்டிய ஜிக். 15, 20 கிராம் ஈயத்தலையில் வால்முடி கட்டி, கொஞ்சம் மினுக்கு நூல் சேர்த்தது. எண்ணிக்கை வேண்டுமானால் ஜிக்தான். வெயில் ஏறி, மேல்தண்ணீரில் அடி நின்ற பிறகும் அது மீன் கொடுக்கும். நான் காலையில் விசிறி லூர், பத்து மணிக்கு மேல் ஜிக் என்று வைத்துக்கொள்வேன்.

எந்த லூர் வாங்கினாலும் கூடவே வரும் மூன்றுமுனை முள்ளை நம்பாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண முள் துக்குனாரே இழுப்பில் நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி முள்ளாக மாற்றிக்கொண்டு போங்கள். மாற்றும்போதே இடுக்கியால் முள் முனைக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பு தொய்யாமல் இருக்கும் வரை மீன் தப்பாது. விடும்போது மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது. பக்கத்து ஆஸ்பத்திரி படகில் ஒரு நாள் தூரம் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: இரவில் பிடிக்கலாமா?
– வாசகர், கடலூர்

வேண்டாம். இது கண்ணால் வேட்டையாடும் பகல் மீன். இருட்டினால் ஓரத்தில் ஒதுங்கித் தூங்கிவிடும். நீங்களும் தூங்குங்கள்.

கேள்வி: குஞ்சுகளோடு இருக்கும் மீனைப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு ஆற்றில் விட்டாலும் அது பாவம்தானே? விளையாட்டுக்கு ஓர் உயிரை ஏன் வதைக்க வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

அம்மா, இந்தக் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். உங்கள் கேள்வியைத் தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துக்குனாரேவில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சைக் காக்கும். கிராமத்தில் விரால் பார்ப்பைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பாக மொத்தையாகத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு போகும், கீழே பெரிய விரால் காவலுக்கு வரும். அதே காட்சிதான். அந்த நேரத்தில் பெற்ற மீனுக்குப் பசி முக்கியமில்லை. குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் அடிக்கும். சில படகோட்டிகள் இதைத் தெரிந்தே, மொத்தையைக் காட்டி "அங்கே போடு" என்பார்கள். பெரிய மீன் நிச்சயம், வந்தவருக்கும் சந்தோஷம்.

நான் அங்கே போட மாட்டேன். கூட வருகிறவர்களையும் போட விட மாட்டேன். பெற்ற மீன் என் நரம்பில் இழுத்துக்கொண்டிருக்கும் சில நிமிடத்துக்குள் பிரானாவும் மற்ற சின்ன மீன்களும் அந்த மொத்தைக்குள் புகுந்துவிடும். பிறகு மீனை எவ்வளவு பத்திரமாக விட்டாலும், அது திரும்பிப் போகும் இடத்தில் காப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. மொத்தை தெரியாமல் வீசி மீன் மாட்டிக்கொண்டால், படம் வேண்டாம், எடை வேண்டாம். படகுக்குள் தூக்காமல், தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி, மாட்டின அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

மற்றபடி, விளையாட்டுக்காகப் பிடிப்பது சரியா என்றால், அந்த ஆற்றங்கரையை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். பார்செலோஸ் ஒரு காலத்தில் வண்ணமீனால் பிழைத்த ஊர். தொட்டியில் நீலமும் சிவப்பும் மின்னுகிற கார்டினல் டெட்ரா இருக்கிறதே, அதை இகாப்போ ஓரங்களில் கைவலையால் அள்ளி உலகம் முழுக்க அனுப்பிய ஊர். ஆசியாவில் பண்ணைகளிலேயே அதை வளர்க்க ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு மெலிந்தது. இன்றைக்கு அந்த ஊரில் படகோட்டிக்கும் சமையல்காரம்மாவுக்கும் மெக்கானிக்குக்கும் சீசன் வருமானம் தருவதில் உயிரோடு நீந்துகிற பெரிய துக்குனாரேவுக்குப் பெரிய பங்கு. ஒரு 8 கிலோ மீனைச் சந்தையில் வெட்டி விற்றால் ஒரு தடவை காசு. ஆற்றில் இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு காசு. மேல் ரியோ நீக்ரோவில் மாரியே ஆற்றங்கரைப் பழங்குடிக் கிராமங்கள் இதைப் புரிந்துகொண்டு, தங்கள் நிலத்தில் யார், எத்தனை பேர், எப்படி மீன் பிடிக்கலாம் என்று தாங்களே வரையறுத்து நடத்துகிறார்கள். பிடித்ததை விட வேண்டும் என்பது அங்கே சட்டம். வந்த பணத்தில் ஒரு பகுதி ஆற்றைக் காவல் காக்கவே போகிறது.

மீனுக்கு வலி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வலியைக் குறைப்பதும், குஞ்சோடு இருப்பதை விட்டுவிடுவதும், பெரிய மீனைக் கொல்லாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. இதற்கும் உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் அது நியாயமான முடிவுதான்.

கேள்வி: விட்ட மீனை டால்பின் தின்றுவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

உண்மை. இளஞ்சிவப்பு ஆற்று டால்பின்கள் ரொம்ப புத்திசாலிகள். மோட்டார் சத்தத்தை வைத்தே மீன்பிடிப் படகு எது என்று கண்டுபிடித்துப் பின்னாலேயே வரும். சண்டை போட்டுக் களைத்த மீனை நீங்கள் விட்டதும் படகுக்கு அடியிலேயே அமுக்கிவிடும். டால்பின் மூச்சுவிடும் சத்தம் பக்கத்தில் கேட்டால் அந்த இடத்தில் மீனை விடாதீர்கள். உயிர்த்தொட்டி உள்ள படகு என்றால் மீனை அதில் வைத்துக்கொண்டு ஆழமில்லாத, மரக்கிளை அடர்ந்த ஓரத்துக்குப் போய் விடுங்கள். டால்பின் அங்கே எளிதில் நுழையாது.

விடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புப் போய்ப் புண் பிடிக்கும். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம். பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகத்தான் இருக்கும், வெட்டாது. ஆனால் 6, 7 கிலோ மீனை உதட்டில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை கழன்றுவிடும். இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டுகிறது. தண்ணீரில் வைத்ததும் தள்ளிவிட வேண்டாம். வாலடியை லேசாகப் பிடித்துக்கொண்டே இருங்கள். தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போகும்.

கேள்வி: சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பீகாக் பாஸ் குஞ்சு கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் பத்துக் குஞ்சு விட்டால் பிரேசில் போகாமலே பிடிக்கலாமே?
– வாசகர், பொள்ளாச்சி

தயவுசெய்து செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பனாமாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1967 வாக்கில் விளையாட்டுக்காகவும் சாப்பாட்டுக்காகவும் ஒரு குட்டையில் துக்குனாரேவை விட்டார்கள். அங்கிருந்து அது தப்பிச் சாக்ரெஸ் ஆற்றில் இறங்கி, பனாமா கால்வாயின் பாகமான காட்டுன் ஏரிக்குள் பரவியது. சாரெட், பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் எழுதிய கட்டுரை இன்றும் எல்லாரும் காட்டும் சான்று: துக்குனாரே பரவிய பகுதிகளில், வழக்கமாகக் கிடைத்த எட்டு உள்ளூர் மீன்களில் ஆறு துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. சின்ன மீன் போனதும், அதைத் தின்ற பறவைகளும் பெரிய மீன்களும் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லாமல் போகும் அபாயத்தையும் அவர்கள் அப்போதே எழுதினார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த ஏரி மீளவில்லை.

உங்கள் குட்டை மேட்டில் இருக்கிறது, வழிந்து ஓடாது என்பீர்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்தின் பண்ணைகளிலிருந்து அரபைமா ஆற்றுக்கு வந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். அதுவும் அமேசான் மீன்தான். பொள்ளாச்சிப் பக்கத்து ஓடைகள் மேற்குத் தொடர்ச்சி மலைத் தண்ணீர். வேறெங்கும் இல்லாத சின்னச் சின்ன மீன்கள் அங்கே இருக்கின்றன. ரியோ நீக்ரோவில் துக்குனாரேவை அடக்கி வைக்க அதைவிடப் பெரிய வாய்கள் உண்டு. உங்கள் ஓடையில் யார் இருக்கிறார்கள்? ஏற்கெனவே தொட்டியில் வைத்திருப்பவர்கள், வளர்ந்துவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பீகாக் பாஸ் நிறைய. இங்கேயும் பிடித்து விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், ஈப்போ, மலேசியா

வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ரியோ நீக்ரோவில் விடச் சொல்லும் அதே வாயால் இதைச் சொல்கிறேன். அங்கே அது வீட்டுக்காரர், உங்கள் குட்டையில் வெளியாள். சதை வெள்ளையாக, முள் குறைவாக, நன்றாக இருக்கும். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் கொடுவாவுக்குக் குறைந்ததில்லை. உயிரோடு வேறு குட்டைக்கு மட்டும் மாற்றாதீர்கள்.

கேள்வி: பிரேசிலில் யாருமே இதைச் சாப்பிடுவதில்லையா?
– வாசகி, திருச்சி

சாப்பிடாமலா? துக்குனாரே கால்தெராதா என்று ஒரு குழம்பு வைப்பார்கள். தக்காளி, வெங்காயம், கொத்துமல்லி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை போட்டு. பக்கத்தில் மொறுமொறு மரவள்ளி மாவு, காரமான மிளகாய்த் தண்ணீர். ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு இது அன்றாடச் சோறு, அதில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. எங்கள் படகில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அளவில் 'பொர்பொலேத்தா' எனும் சின்ன இனத்தை எடுப்போம். பெரிய அசூவைச் சட்டியில் போட்டதில்லை.

கேள்வி: செலவு, தடுப்பூசி, பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், சென்னை

வெளிநாட்டுக்காரர்களுக்கான ஒரு வாரப் பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். மனாவுஸ், பார்செலோஸ்காரர்களே நடத்தும் படகுகள் மலிவு. கொஞ்சம் போர்த்துகீசியம் தெரிந்தால் நல்லது. சாவோ பாவ்லோ வழியாக மனாவுஸ், அங்கிருந்து சிறு விமானம் அல்லது ஆற்றுப் படகு. பிரேசில் விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கறுப்புத் தண்ணீரின் அமிலத்தன்மையால் ரியோ நீக்ரோவில் கொசு குறைவு. அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம், பார்செலோஸ் பகுதியில் மலேரியா உண்டு. மணலில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், சத்தம் கேட்டால் விலகிப்போகும்.

2023 செப்டம்பரில் மீன்பிடிக்கப் போனவர்களை ஏற்றிச் சென்ற சிறு விமானம் கனமழையில் பார்செலோஸில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி 14 பேரும் இறந்தார்கள். வானிலை மோசமென்று விமானி ஒரு நாள் தாமதிக்கச் சொன்னால் சரி என்று தலையாட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் ஓரிரு நாள் கூடுதலாக வைத்தே திட்டம் போடுங்கள்.

கேள்வி: தென் அமெரிக்காவின் பரானா ஆற்று டொராடோ மீன் பெரிதா, துக்குனாரே பெரிதா? இரண்டுக்கும் ஒரே சாமான் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

எடையில் டொராடோதான். 2006-இல் உருகுவாய் ஆற்றில், அர்ஜென்டினாவின் கொன்கோர்தியா பக்கம் பிடிபட்ட 25 கிலோ சொச்சம்தான் அதன் சாதனை. ராடும் ரீலும் ஏறக்குறைய இதுவே போதும், ஆனால் டொராடோவுக்குப் பல் உண்டு. எஃகுக் கம்பி லீடர் இல்லாமல் போனால் லூரை அதற்கே கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். அது ஓடும் தண்ணீர் மீன், சண்டையும் வேறு மாதிரி. அடுத்த இதழில் விவரமாக எழுதுகிறேன். டொராடோ பற்றிய கேள்விகளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்.